பையர் இடிஐ ஆர்டருக்கு ரூல் எங்க வெக்கறது: நம்மூரு கம்பெனிகளுக்கு எது ஒத்துவரும்

பனியன் ஏத்துமதி பண்ற நம்மூரு கம்பெனில புதுசா ஒரு பையர் சேர்ந்தாருன்னா இப்பெல்லாம் சாம்பிள் அப்ரூவல், ஃபேக்டரி ஆடிட் கூடவே தடியா ஒரு வெண்டார் மேனுவலும் மெயில்ல வந்துருது, அத தொறந்தா பாதிக்கு மேல இடிஐ தான், அதாவது ஆர்டர், பில்லு எல்லாத்தயும் கம்ப்யூட்டருக்கு கம்ப்யூட்டர் ஃபைலா அனுப்பிக்கற மொற. அமெரிக்கா பக்கத்து எக்ஸ்12ங்கற வடிவத்துல ஒவ்வொரு டாக்குமெண்டுக்கும் ஒரு நம்பர். ஆர்டர் 850ல வரும், வந்ததுக்கு 997 திருப்பி விடணும், ஒத்துக்கறமா இல்லயான்னு 855ல சொல்லணும், சரக்கு கெளம்பறப்ப 856, அப்பறம் பில்லுக்கு 810. யூரோப் பையர்னா இதே சங்கதி எடிஃபாக்ட்ங்கற வடிவத்துல, ஆர்டர்ஸ், ஆர்டர்ஸ்பி, டெஸ்அட்வ், இன்வாய்க்னு பேரு மட்டும் வேற. மேனுவல பாத்தவொடனே மொதலாளிக கேக்கறது ஒண்ணே ஒண்ணு தான், "ஏனுங் தம்பி, இதுக்கு எவ்ளோ ஆகும்?" அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஒண்ணு இருக்குதுங்க. வர்ற ஃபைல என்ன பண்ணணும்னு முடிவு பண்ற ரூல்ஸ் ஆரு கையில இருக்கணும், எந்த எடத்துல இருக்கணும்ங்கறது.

ரூல்னா என்னன்னு மொதல்ல பேசிக்கலாம், ஏன்னா விக்க வர்றவங்க மேப்பிங்க (பையர் ஃபைல்ல இருக்கற கட்டத்த நம்ம கட்டத்தோட பொருத்தறது) மட்டும் காட்டிட்டு போயிர்றாங்க. ஒரு ஃபைல் வந்தா அது ஆரு அனுப்பினதுன்னு கவர பாத்து கண்டுபுடிக்கணும், எக்ஸ்12ல ஐஎஸ்ஏங்கற செக்மெண்டு (ஃபைல்ல ஒரு துண்டு), எடிஃபாக்ட்ல யுஎன்பி. அப்பறம் அது எந்த டாக்குமெண்டு, எந்த வெர்ஷன், 4010ஆ 5010ஆ, டி.96ஏவா டி.01பியா. அப்பறம் இலக்கணம் சரியா, அப்பறம் உள்ள இருக்கற சரக்கு நமக்கு தெரிஞ்ச சரக்கா, வெல சரியா, தேதி முடியுமா. கடைசியா தானா உள்ள போட்டுர்றதா, நிறுத்தி வெச்சு ஆள கேக்கறதா, திருப்பி அடிக்கறதா. இந்த ஒவ்வொரு படியிலயும் ஒரு முடிவு இருக்குதுங்க, அத எல்லாம் ஒரே எடத்துல கொண்டுபோயி சொருகறதுல தான் நம்மூர்ல முக்காவாசி சிக்கல் வருது.

இனி வழிகளுக்கு வர்றன். பையரோட வெப் போர்ட்டல்ல கைல தட்டறது ஒரு வழி. இத பாத்து சிரிக்காதீங்க, ஒரே பையர், மாசத்துக்கு விரல்விட்டு எண்ற அளவுக்கு பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்), அப்படின்னா இதுவே போதும், காசு கொட்டி சாஃப்ட்வேர் வாங்கற வேலயே இல்ல. ஆனா போர்ட்டல்ல ரூல்னு ஒண்ணு நமக்கு கெடயாது, அவங்க போட்ட ரூல் தான். பிஓவ பிடிஎஃப்ஆ எறக்கி, எக்செல்ல தட்டி, அப்பறம் இஆர்பில (கம்பெனி வேல பூராவும் ஓடற சாஃப்ட்வேர்) இல்லாட்டி டேலில தட்டறதுக்குள்ள எஸ் சைஸ் எம்ல போயி உக்காந்துக்கும். ஆர்டர பாத்துக்கற மெர்ச்சண்டைசர் அம்மிணி கண்ணு வலிக்க செக் பண்ணுவாங்க, ஆனாலும் ஒரு ஸ்டைல்ல அஞ்சு கலர், ஏழு சைஸ், மூணு டிசி, அதாவது பையரோட குடோன்னா நூத்தி அஞ்சு கட்டத்த ஆரு பொழுதன்னிக்கும் பாத்துட்டு உக்காந்திருப்பா. பையர் ரெண்டாச்சுன்னா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு போர்ட்டல், ஒவ்வொரு பாஸ்வேர்டு, அங்கயே இந்த வழி முடிஞ்சு போச்சுங்க.

அடுத்தது, இடிஐ சர்வீஸ் கம்பெனிட்ட மொத்தமா குடுத்துர்றது. பையரோட கனெக்சன், மேப்பிங், 997, எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, நமக்கு சுத்தமா ஒரு சிஎஸ்வியோ எக்ஸ்எம்எல்லோ வந்துரும், அத இஆர்பில ஏத்திக்கலாம், டேலிகூட எக்ஸ்எம்எல் இம்போர்ட் எடுத்துக்கும். சீக்கிரமா ஆரம்பிக்கணும்னா இதுதான் வெரசான வழி, ஏன்னா பெரிய பையர்கள்ல பாதிப்பேரு அவங்ககிட்ட ஏற்கனவே செட் பண்ணி வெச்சதா இருப்பாங்க. பழைய விஏஎன் (இடிஐ ஃபைல கடத்திக்குடுக்கற தனியார் நெட்வொர்க்) மாதிரி கிலோ கேரக்டர் (ஆயிரம் எழுத்து) கணக்குல காசா, டாக்குமெண்டு கணக்குலயா, பார்ட்னர் (நம்மகூட ஃபைல் பரிமாறிக்கற பையர்) கணக்குலயான்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டுக்குங்க, ஏன்னா ஸ்டோர் வாரியா பிரிச்சு அனுப்பற பையரோட 850 ஒண்ணே பெரிய பொட்டலமா வரும், கேரக்டர் கணக்குன்னா பில்லு வாய பொளக்க வெச்சுரும்.

இதுல எனக்கு இருக்கற கொறை காசு பத்தி இல்லீங்க. எல்லாம் அவங்க பாத்துக்கறாங்கன்னு சொல்றப்ப வியாபார ரூலும் அவங்க மேப்புக்குள்ள போயிருது. "இந்த பையர் டசன்ல அனுப்பறாப்ல, பன்னெண்டால பெருக்கிருங்க"ன்னு ஒரு நா போன்ல சொல்லுவோம், அவங்களும் மேப்ல ஒரு வரி போட்டுருவாங்க, எழுதி வெக்க ஆருமில்ல. ரெண்டு வருசம் கழிச்சு பையர் டசன விட்டு பீஸுக்கு மாறுவாரு, ஆர்டர் பன்னெண்டு மடங்காயி வந்து நிக்கும், ஏன்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள நூலுக்கு ஆர்டர் போயிருக்கும். சர்வீஸ் மாத்தலாம்னு நெனச்சாலும் அந்த ரூல்ஸ் நம்ம கூட வராது.

மூணாவது, இடிஐ ஃபைல நம்ம வடிவத்துக்கு மாத்தற ட்ரான்ஸ்லேட்டர் சாஃப்ட்வேர நாமளே வாங்கி, ஏஎஸ்2 சர்வர் வெச்சு, எல்லாத்தயும் உள்ளயே ஓட்டறது. ஏஎஸ்2ங்கறது இன்டர்நெட் வழியா கையெழுத்தும் பூட்டும் போட்டு ஃபைல அனுப்பற மொற, 2002ல வால்மார்ட் தன்னோட சப்ளையர்கள இதுக்கு வரச்சொன்னதுக்கு அப்பறம் தான் ரீடெயில்ல பரவுச்சு, ஆர்எஃப்சி 4130ங்கற இன்டர்நெட் தர ஆவணமா 2005ல வந்துச்சு. கேக்கறதுக்கு ஜோரா இருக்கும். ஆனா அது ராத்திரியும் பகலும் தொறந்தே கெடக்கற ஒரு கதவுங்க, அமெரிக்காக்காரனுக்கு பகல்னா நமக்கு நடுராத்திரி, அப்ப கரண்டு போயி யுபிஎஸ் செத்துப்போனா ஃபைல் திரும்பிப்போயிரும். சர்டிஃபிகேட்டு காலாவதி ஆகறத ஆராச்சும் கண்ணு வெச்சு பாத்துட்டே இருக்கணும், பையர் தன்னோட சர்டிஃபிகேட்ட மாத்தறப்ப நம்மளும் அன்னிக்கே மாத்தணும். அதயெல்லாம் பழகின தம்பி ஒருத்தர் இருப்பாரு, அவருக்கு பெங்களூர்ல வேல கெடச்சுருச்சுன்னா கதவு தொறந்திருக்கா சாத்தியிருக்கான்னு சொல்லக்கூட ஆளிருக்காது. பத்து பதினஞ்சு பையர், யூனிட்டுகளும் நெறய, ஐடில நாலஞ்சு பேரு நெலயா இருக்கறாங்கன்னா இந்த வழி சரி. மத்தவங்களுக்கு வேண்டாம்ங்கறது தான் என் கருத்து.

நான் சொல்றது நாலாவது, பாதி பாதி. கனெக்சனும் கவரும் இலக்கணமும் சர்வீஸ்காரங்ககிட்ட, வியாபார முடிவு நம்மகிட்ட. அவங்க வெலய தொடாம, அளவ பெருக்காம, பையர் அனுப்பினத அனுப்பினபடியே நமக்கு தெரிஞ்ச வடிவத்துல குடுக்கணும். நம்ம இஆர்பிக்கு முன்னால ஒரு ஸ்டேஜிங் டேபிள், வந்தத எறக்கி வெச்சு பாக்கற எடம், அங்க தான் ரூல்ஸ் ஓடும். காரணம் ரொம்ப சாதாரணம்ங்க. ஒரு கேள்விக்கு விட எங்க இருக்குதோ அங்க தான் அந்த ரூல் இருக்கணும். ஐஎஸ்ஏல ஃபீல்டு நீளம் சரியாங்கறதுக்கு விட ட்ரான்ஸ்லேட்டர்ட்ட இருக்கு. ஆனா பையர் அளவ கொறைக்கறாரு, ஒத்துக்கலாமான்னா அந்த ஸ்டைலுக்கு துணி நிட்டிங்ல இருக்கா, டையிங் போயிருச்சா, கட்டிங் போட்டாச்சாங்கறது தெரிஞ்சாகணும், சென்னைலயோ சிகாகோலயோ உக்காந்திருக்கற சர்வீஸ்காரங்களுக்கு அது எப்படிங்க தெரியும்.

இது 860ல தான் நல்லா வெளங்கும். 860ங்கறது பையர் பிஓவ மாத்தறப்ப வர்றது, வரிக்கு வரி ஒரு கோடு இருக்கும், க்யூஐன்னா அளவு கூடுது, க்யூடின்னா கொறையுது, பிசின்னா வெல மாறுது, டிஐன்னா அந்த வரியே வேண்டாம். மொத்தமா சேத்து "860 வந்தா தானா அப்டேட் பண்ணு"ன்னு ஒரே ரூலா போடறவங்க இருக்கறாங்க, "860 எல்லாத்தயும் நிறுத்து"ன்னு போடறவங்களும் இருக்கறாங்க, ரெண்டும் எனக்கு புடிக்கல. மொதல் ரகத்துல கட்டிங் முடிஞ்ச ஸ்டைலோட அளவு சத்தமில்லாம கொறஞ்சிருக்கும், பேக்கிங்ல தான் தெரியும். ரெண்டாவது ரகத்துல ஷிப் தேதி ரெண்டு நா தள்ளிப்போறதுக்கெல்லாம் மெர்ச்சண்டைசர் ஓகே அடிச்சு அடிச்சு, ஒரு கட்டத்துல படிக்காமயே ஓகே அடிக்க ஆரம்பிச்சுருவாங்க, அதுதான் ரொம்ப ஆபத்து. தேதி பின்னாடி போனா தானா போகட்டும். முன்னாடி வந்தா நிறுத்து. அளவு மாறி கட்டிங் போடலன்னா மெர்ச்சண்டைசருக்கு, கட்டிங் போட்டாச்சுன்னா ப்ரொடக்சன் மேனேஜருக்கும் சேத்து. வெல மாறினா எப்பவும் நிறுத்து, கூடினாலும் நிறுத்து, ஏன்னா கூடினது பையரோட டைப்பிங் தப்பா இருந்தா அப்பறம் பேமெண்டுல புடிச்சுக்குவாங்க.

இங்க ஒரு கோளாறு, எல்லா பையரும் 860 ஒரே மாதிரி அனுப்பறதில்ல. ஒருத்தர் மாறின வரிய மட்டும் அனுப்புவாரு, இன்னொருத்தர் பிஓ முழுசயும் திருப்பி அனுப்புவாரு, மூணாவது ஆளு 860ஏ அனுப்பாம 850யவே பிஇஜி01ல (ஆர்டர் புதுசா, மாத்தினதான்னு சொல்ற கட்டம்) 05னு போட்டு மாத்திக்கன்னு விடுவாரு. மாறின வரி மட்டும் வர்ற பையருக்கு "ஃபைல்ல இல்லாத வரி கேன்சல்"னு ரூல் இருந்துச்சுன்னா மீதி ஆர்டர் பூராவும் காலி.

இங்கயே அடுத்த முடிவும் வந்துருது, ரூல பார்ட்னர் வாரியா எழுதறதா, டாக்குமெண்டு வாரியா எழுதறதா. பார்ட்னர் வாரியா எழுதறது ஆரம்பத்துல சுளுவா இருக்கும், பையர் ஏவுக்கு ஒரு செட்டு, பையர் பிக்கு அத காப்பி அடிச்சு ஒரு செட்டு. ஆறாவது பையர் வர்றப்ப ஆறு செட்டு இருக்கும், ஆறுலயும் வெல செக் பண்ற ரூல் லேசா வேற வேறயா இருக்கும், எது வேணும்னே மாத்தினது, எது மறந்து விட்டதுன்னு ஆருக்கும் தெரியாது. டாக்குமெண்டு வாரியா மட்டும் எழுதினா மேல சொன்ன 860 மாதிரி எடத்துல இடிக்கும். அதனால அடிப்படை ரூல் டாக்குமெண்டுக்கு ஒண்ணு, பார்ட்னருக்கு விதிவிலக்கு மட்டும், விதிவிலக்கு ஒவ்வொண்ணுக்கும் ஏன், ஆரு சொன்னது, மேனுவல்ல எந்த பக்கம்னு பக்கத்துலயே ஒரு வரி. ஒரு பையருக்கு விதிவிலக்கு ரூல் அடிப்படைய விட அதிகமாச்சுன்னா அந்த பையர் நம்மகிட்ட வேற விதமா வியாபாரம் பண்றாருன்னு அர்த்தம், வெலய பேசறப்ப அதயும் கணக்குல சேத்துக்கலாம்.

பார்ட்னர்ன்னு சொல்றப்பவே ஒண்ணு, பார்ட்னர் வேற, கவர்ல வர்ற ஐடி (அடையாள நம்பர்) வேற. ஒரே பையர் அமெரிக்கா டிவிசனுக்கு ஒரு ஐடி, கனடாவுக்கு ஒண்ணு, ஆன்லைன் வியாபாரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சிருப்பாரு. ஐடிக்கு முன்னால ஒரு குவாலிஃபையர் வரும், 01ன்னா டன்ஸ் நம்பர் (டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் கம்பெனிகளுக்கு குடுக்கற நம்பர்), 12ன்னா போன் நம்பர், இசட்இசட்னா நாமளா பேசி வெச்சுக்கிட்டது. 14ங்கறது எக்ஸ்12ல டன்ஸும் பின்னொட்டும், அதே 14 எடிஃபாக்ட் யுஎன்பில ஜிஎஸ்1 (பார்கோடு நம்பர் குடுக்கற அமைப்பு) நம்பர், ரெண்டயும் ஒரே டேபிள்ல போட்டு கொழப்பிக்காதீங்க. குவாலிஃபையரும் ஐடியும் சேந்தது தான் சாவி, ஐடி மட்டும் இல்ல.

இனி எவ்ளோ கண்டிப்பா இருக்கறதுங்கற சமாச்சாரம். தப்பு இருந்தா 997லயே திருப்பி அடிச்சுரலாமே, எதுக்கு நிறுத்தி வெக்கணும்னு சில பேரு கேக்கறாங்க. அங்க மூணு பதில் இருக்குது, மூணும் வேற வேற. ஏஎஸ்2ல எம்டிஎன்ங்கற ரசீது வந்தா ஃபைல் முழுசா போயி சேந்துச்சுன்னு மட்டும் அர்த்தம். கூரியர்காரங்ககிட்ட கையெழுத்து போட்டு கவர வாங்கறாப்ல, உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு தெரியாது. 997 வந்தா கவர பிரிச்சு இலக்கணம் பாத்தாச்சுன்னு அர்த்தம், அதுல ஏகே5ங்கற எடத்துல 'ஏ'ன்னா சரி, 'ஈ'ன்னா தப்பு இருக்கு ஆனா எடுத்துக்கிட்டோம், 'ஆர்'னா திருப்பிட்டோம். ஆர்டர ஒத்துக்கறமாங்கறது 855ல தான், ஐஏன்னா ஒத்துக்கிட்டோம், ஐபின்னா வெலய மாத்தி ஒத்துக்கறோம், ஐக்யூன்னா அளவ மாத்தி, டிஆர்னா தேதிய மாத்தி, ஐஆர்னா முடியாது. எடிஃபாக்ட்ல 997க்கு பதில் கன்ட்ரோல், வியாபாரத் தப்ப சொல்றதுக்கு அபெராக்குன்னு ஒண்ணு, எக்ஸ்12ல அதுக்கு சொந்தம் 824.

நமக்கு தெரியாத யுபிசி (பார்கோடு நம்பர்) வந்துச்சுன்னு 997ல 'ஆர்' அடிச்சீங்கன்னா பையரோட சிஸ்டம்ல ஃபைலயே நாம திருப்பிட்டோம்னு பதிவாகும், அவங்க ஐடிக்காரங்க ஃபைல நோண்டுவாங்க, இலக்கணம் சரியா இருக்கும், ரெண்டு பக்கமும் மெயில் பறக்கும். ஸ்டைல் மாஸ்டர்ல அந்த யுபிசிய நாம ஏத்தாம விட்டிருப்போம், அவ்ளோதான் விசயம். அதனால 997 எப்பவும் தானா, ஒடனே, இலக்கணத்துக்கு மட்டும். மத்ததெல்லாம் நிறுத்தி வெச்சு 855ல பேசிக்கலாம்.

ரெட்டிப்பு ஆர்டர் விசயத்துலயும் இதே தகராறு தான். ஒரே பிஓ ரெண்டு தடவ வந்தா என்ன பண்றது? சர்வீஸ்காரங்க ஐஎஸ்ஏ13ல இருக்கற ஒம்போது இலக்க கன்ட்ரோல் நம்பர வெச்சு ரெட்டிப்ப புடிப்பாங்க. அது ஃபைல் ரெண்டு தடவ வந்தத புடிக்கும், பிஓ ரெண்டு தடவ வந்தத புடிக்காது, ஏன்னா பையர் திருப்பி அனுப்பறப்ப புது நம்பர் விழுந்துரும். பையர் சாஃப்ட்வேர் மாத்தினா நம்பரு மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும், அப்ப "பழைய நம்பர் வந்தா திருப்பி அடி"ன்னு ரூல் வெச்சிருந்தா புது ஆர்டர் எல்லாம் வாசல்லயே நின்னுக்கும். நம்ம பக்கம் பார்ட்னர், பிஓ நம்பர், பிஇஜி01 மூணயும் சேத்து பாக்கணும். பிஇஜி01ல 00ன்னு (புது ஆர்டர்) வந்து அதே பிஓ ஏற்கனவே இருந்துச்சுன்னா வரிக்கு வரி ஒப்பிட்டு, ஒண்ணும் மாறலன்னா சும்மா விட்டுரு, மாறியிருந்தா நிறுத்து.

அளவு யூனிட்டு தான் பனியன் தொழில்ல பெரிய கண்ணி. பிஓ103ல ஈஏன்னா பீஸ், டிஇசட்னா டசன், ஏஎஸ்னா அசார்ட்மெண்ட், சைஸ் கலந்த பேக். ஏஎஸ்ஸுன்னு 500 வந்து, கூட எஸ்எல்என் செக்மெண்டுல எஸ் ஒண்ணு, எம் ரெண்டு, எல் ரெண்டு, எக்ஸ்எல் ஒண்ணுன்னு ரேஷியோ இருந்துச்சுன்னா ஒரு பேக்குக்கு ஆறு பீஸ், மொத்தம் 3000. ரூல் இல்லாட்டி இஆர்பி 500 பீஸுன்னு எடுத்துக்கும், காஸ்ட் ஷீட்டு பூராவும் தலகீழ். ஏஎஸ் வந்து எஸ்எல்என் இல்லன்னா நிறுத்தியே ஆகணும், பழைய ரேஷியோவ எடுத்துக்கறதுக்கு ரூல் எழுதவே கூடாது. கடைசியில சிடிடி செக்மெண்டு வரும், அதுல வரிகளோட எண்ணிக்கை இருக்கும், சில பையர் அளவோட மொத்தக்கூட்டலயும் போடுவாங்க, அத நம்ம கூட்டலோட ஒப்பிடற ரூல் எழுதறது பத்து நிமிச வேல, ஆனா இத போட்டவங்க கொஞ்சப்பேரு தான்.

கோயமுத்தூர்ல பம்ப்பு, வண்டி உதிரிபாகம் ஏத்துமதி பண்றவங்களுக்கு கத கொஞ்சம் வேறங்க. அங்க ஒத்த பிஓங்கறது கம்மி, 830ஓ, எடிஃபாக்ட்னா டெல்ஃபாரோ வாராவாரம் வந்துட்டே இருக்கும், இத்தன வாரத்துக்கு இவ்ளோ வேணும்னு. புதுசா வந்தது பழசுக்கு பதிலா, பழசோட கூட்டறதுக்கு இல்ல, இத ஆர்டர் மாதிரி கூட்டிட்டே போனீங்கன்னா ஃபவுண்டரில வார்ப்பு மலயா குமிஞ்சுரும். 830ல பிஎஃப்ஆர்05ங்கற கட்டத்துல 'ஏ'ன்னா அந்தந்த வாரத்து அளவு, 'சி'ன்னா ஒரு தொடக்கத் தேதில இருந்து கூட்டுத்தொக, அத பாக்காம எந்த ரூலும் ஓடக்கூடாது. எஃப்எஸ்டி02ங்கற கட்டத்துல 'சி'ன்னா உறுதி, 'டி'ன்னா வெறும் திட்டம், 'பி'ன்னா மூலப்பொருள் வாங்கிக்கலாம். உறுதியானது மட்டும் தானா ப்ரொடக்சனுக்கு போகட்டும். இங்க ஆள நிறுத்தி கேக்கற ரூல கம்மியா வெக்கறது நல்லது, வாராவாரம் வர்றதால கியூ ரொம்பிரும். போன வார அளவுக்கும் இந்த வாரத்துக்கும் வித்தியாசம் பெருசா இருந்தா மட்டும் நிறுத்தினா போதும். பார்ட்னர் எண்ணிக்கை கம்மி, ஃபைல் ரொம்ப அடிக்கடி, அப்படிங்கறதால இவங்கள்ல பல பேருக்கு மூணாவது வழியே ஒத்துவரும், யூரோப் வண்டிக்கம்பெனிகன்னா ஏஎஸ்2வுக்கு பதிலா ஓஎஃப்டிபி2ங்கற வேற அனுப்பற மொறைய கேப்பாங்க, அவ்ளோதான்.

வெளிய போற பக்கத்துல ரூல் கம்மி, ஆனா அபராதம் இங்க தான். 856ல சரக்கு லாரி ஏறினவொடனே போகணுமா, தூத்துக்குடில ஃபார்வர்டர் வாங்கினதுக்கு அப்பறமாங்கறது பையருக்கு பையர் மாறும், இது விதிவிலக்கு டேபிள்ல இருக்க வேண்டியது. ஆனா உள்ள என்ன போகணும்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, பேக்கிங் லிஸ்ட்ட வெச்சு 856 செய்யாதீங்க, கார்ட்டன் ஸ்கேன வெச்சு செய்ங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் 18 இலக்க எஸ்எஸ்சிசி (பெட்டிக்கு பெட்டி வேறயா இருக்கற நம்பர்) லேபிள் ஒட்டறோம், பெட்டி ரெண்டு கொறஞ்சு போனா லிஸ்ட்டு பொய் சொல்லும், ஸ்கேன் சொல்லாது.

எழுத்துல ஒரு சின்ன சனியன் இருக்குது. எடிஃபாக்ட்ல செக்மெண்டு முடியறது மேல்கமா, நம்ம ஸ்டைல் விவரத்துல மென்'ஸ் டி சர்ட்னு அதே மேல்கமா இருக்கும், அதுக்கு முன்னாடி கேள்விக்குறி போட்டு அனுப்பலன்னா அங்கயே வரி ஒடஞ்சுரும். எக்ஸ்12ல இந்த மாதிரி தப்பிக்கற குறியே கெடயாது, நட்சத்திரம் பிரிப்பானா இருந்தா விவரத்துல நட்சத்திரம் வரவே கூடாது, அனுப்பறதுக்கு முன்னாடி தொடச்சு எடுக்கற ரூல் வேணும். பில் நம்பரும் அப்படித்தான். ஜிஎஸ்டில பில் நம்பர் 16 எழுத்துக்குள்ள, சாய்கோடு போட்டுக்கலாம், 810ல 22 எழுத்து வரைக்கும் எடம் இருக்கு, ஆனா பையரோட அக்கவுண்ட்ஸ் சாய்கோட எடுத்துக்காதுன்னு மேனுவல்ல போட்டிருந்தா 810ல மட்டும் நம்பர மாத்தி அனுப்பற ரூல் எழுதாதீங்க. பேமெண்டு அந்த நம்பர்ல வரும், பேங்க்ல ரியலைசேசன் (ஏத்துமதி காசு வந்த கணக்கு) காட்டறப்ப ஷிப்பிங் பில்லுல வேற நம்பர் இருக்கும். பில் நம்பர் வரிசயயே சாய்கோடு இல்லாம வெச்சுக்கறது நல்லது, வருசத்தொடக்கத்துலயே. ஜிஎஸ்டிக்கு ஐஆர்என் (பில்லோட பதிவு நம்பர்) எடுக்கற இ-இன்வாய்ஸ் வேற, பையருக்கு போற 810 வேறங்கறதயும் அக்கவுண்ட்ஸ்ல ஒருக்கா சொல்லி வெச்சுருங்க, "அதான் போர்ட்டல்ல போட்டாச்சே"ன்னு விட்டுருவாங்க.

போனதுக்கு திரும்பி வர்ற 997அ ஆரு பாக்கறாங்க? இஆர்பில 856 அனுப்பியாச்சுன்னு பச்சையா டிக் இருக்கும், ரெண்டு மணி நேரத்துல ஏகே5ல 'ஆர்'னு வந்து ஏதோ ஒரு ஃபோல்டர்ல தூங்கிட்டு இருக்கும், பையருக்கு ஏஎஸ்என் (அந்த 856 தான்) வரல, டெபிட் நோட்டு மட்டும் கரெக்டா வரும். 997 வராம டிக் பச்சையாகக்கூடாது, இத்தன மணி நேரத்துல வரலன்னா எஸ்எம்எஸ் போகணும், வாட்ஸப்போ என்னமோ, தூங்கறவங்கள எழுப்பற எதாச்சும் ஒண்ணு. சர்வீஸ்காரங்ககிட்ட ஒப்பந்தம் போடறப்ப இத எழுத்துல வாங்கிக்குங்க, மேப்பிங் எத்தன நாள்லங்கறத விட இது முக்கியம்.

நிறுத்தி வெக்கற கியூவுக்கு பேரு போட்ட ஆள் வேணும், லீவுல போனா அடுத்த ஆளும் வேணும். தீபாவளிக்கு தொழிலாளிக ஊருக்கு போனா ஒரு வாரம் ஊரே ஈயாடிட்டு கெடக்கும், பையருக்கு அது தெரியாது, 850 வந்துட்டே இருக்கும், 855 இத்தன நாளைக்குள்ள வரணும்னு அவரு மேனுவல் சொல்லிட்டே இருக்கும். சில மேனுவல்ல 855 வரலன்னா ஒத்துக்கிட்டதா வெச்சுக்குவோம்னு ஒரு வரி இருக்கும், அத தேடிப்படிங்க. அந்த வரி இருக்கற பையருக்கு கியூவுல கெடு நெருங்கறப்ப தானா ஐஏ அடிக்கற ரூல் வைக்காதீங்க, மெர்ச்சண்டைசர் போனுக்கு போயி மொதலாளி போனுக்கும் போற மாதிரி வைங்க.

ஆரம்பிக்கறப்ப புது பையரோட டெஸ்ட் ஃபைல்ல ஐஎஸ்ஏ15ல 'டி'ன்னு இருக்கும், நெசமானதுல 'பி'ன்னு. 'டி' இருந்தா லைவ் கம்பெனிக்குள்ள போகவே கூடாதுங்கற ரூல் தான் மொத ரூலா இருக்கணும், ஏன்னா டெஸ்ட்ல பையரோட ஐடிக்காரங்க போன வருசத்து நெச பிஓவ எடுத்து அப்படியே அனுப்புவாங்க, ஸ்டைலு நம்முது, வெல நம்முது, தேதி மட்டும் பழசு. மொத ரெண்டு மூணு நெச ஆர்டருக்கு போர்ட்டல்ல இருந்தும் பிஓவ எறக்கி ஸ்டேஜிங்ல இருக்கறதோட பக்கத்துல வெச்சு கட்டத்துக்கு கட்டம் பாருங்க, ஸ்டோர் வாரியா பிரிச்சு வர்ற எஸ்டிக்யூ ஆர்டர் ஒண்ணும், ரேஷியோ பேக் ஆர்டர் ஒண்ணும், 860 ஒண்ணும் அதுல வந்துருச்சான்னு பாத்துட்டு அப்பறமா தானா போஸ்ட் ஆகற சுவிட்ச ஆன் பண்ணுங்க. இந்த மூணுல எது வரலயோ அந்த வகைக்கு மட்டும் ஆஃப்லயே கெடக்கட்டும்.